வன்னியில் நாணயத்தாளின் மதிப்பு

நாணயத்தாளின் மதிப்பு யாதில் தங்கியுள்ளது? 1884இல் கோப்பிப் பயிரழிவால் இலங்கையில் ஓரியன்டல் வங்கி முறிந்தபோது, அதன் தாள்களைத் தேசாதிபதி ஆதர் கோடன் அளித்த அரச உத்தரவாதமே காத்தது. ஆயின், புலிகளின் ஆட்சியில் அரசாணை செல்லாதிருந்த வன்னியிலும் இலங்கை ரூபாவே வழங்கியமை ஈண்டு நோக்கற்பாலது. 1994இல் தோன்றிய தமிழீழ வைப்பகம் பின்னர் கிளிநொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டது. எனினும் அங்குத் தனி நாணயம் புழங்கவில்லை. புலிகள் வரி பெற்றதும், கொழும்பு தன் ஊழியர்க்குச் சம்பளம் அளித்ததும், சந்தையிற் கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்ததும் அந்த ரூபாவிலேயாம். பொருத இரு தரப்பாரும் ஒரே தாளை ஏற்றனர். 2009இல் வைப்பகம் மறைந்தது. வைப்பாளர்தம் பற்றுச்சீட்டுகளுக்குப் பணமளிக்க எவருமிலர். மடியில் முடிந்திருந்த ரூபாத் தாளோ செல்லுபடியாயிற்று. எனவே, நாளையும் அதனை வரியாகவும் விலையாகவும் ஏற்போர் உளர் என்னும் நம்பிக்கையே தாளைப் பணமாக்குகின்றது எனலாம்.