கத்திக்கு வெளியே இருந்த ஆபத்து

இதய அறுவையில் உயிர் பிழைப்பது அறுவை நிபுணரின் கைத்திறனைப் பொறுத்தது என்றே நம்பிப் பழகிவிட்டோம். அந்த நம்பிக்கை எவ்வளவு அரைகுறையானது என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் சாட்சி. அங்குள்ள ராயல் இன்ஃபர்மரியில் 1984 முதல் 1995 வரை நடந்த குழந்தைகள் இதய அறுவையை ஆராய்ந்த இயான் கென்னடி ஆணையம், 2001 ஜூலையில் அறிக்கை தந்தது. 1991க்கும் 1995க்கும் இடையில் மட்டும், ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் 30 முதல் 35 பேர், வழக்கமான ஒரு மையத்தில் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக இறந்திருந்தார்கள். ஏன் என்று கேட்டுப் போன ஆணையம் அறுவை மேசையோடு நின்றுவிடவில்லை. திறந்த இதய அறுவை ஒரு மருத்துவமனையில் நடந்தது. குழந்தைகளின் இதய நோய் மருத்துவர்கள் இன்னொரு மருத்துவமனையில் இருந்தார்கள். அறுவை முடிந்த பச்சிளங்குழந்தை, பெரியவர்களும் கிடக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனது. குழந்தைகளுக்கெனப் பயிற்சி பெற்ற செவிலியர் போதவில்லை. அங்கே யார் சொல் இறுதியானது என்பதும் தெளிவாக இல்லை.

இறப்புக் கணக்கு இல்லாமலும் இல்லை. 1988இல் பணியில் சேர்ந்த மயக்க மருந்து நிபுணர் ஸ்டீபன் போல்சின் கவலைப்பட்டு எழுதினார்; இறப்புகளைத் தாமே தொகுக்கவும் செய்தார். ஆனால் அந்த எண்களைப் பார்த்து அறுவையை நிறுத்தும் கடமை எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. பொறுப்பு அடுத்தவருடையது என்றே ஒவ்வொரு அமைப்பும் நினைத்தது. பெற்றோருக்கு இழைக்கப்பட்ட மிகப் பெரிய அநீதி இதுதான் என்பேன்.

அமைப்பின் மேல் பழி போட்டால் தனிமனிதர் தப்பிவிடுவாரே என்று சிலர் கேட்பார்கள். தப்பவில்லை: அறுவை நிபுணர்கள் இருவரும் தலைமை நிர்வாகியும் கடுமையான தொழில் ஒழுங்கீனம் செய்தவர்கள் என்று 1998இல் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் தீர்ப்பளித்தது. இன்னொரு மறுப்பு வலுவானது. 1995இல் குழந்தைகளுக்கென்றே புதிய அறுவை நிபுணர் வந்தார். அதனால்தான் நிலைமை சீரானது என்பார்கள். அவர் பங்கு பெரிது. ஆனால் அதே ஆண்டில்தான் அறுவையும் குழந்தைகள் மருத்துவமனைக்கு மாறியது. ஒரு வயதுக்குட்பட்டோரின் திறந்த இதய அறுவையில் பிரிஸ்டலின் இறப்பு விகிதம் 1991-95இல் 29 சதவீதம். 1999-2002இல் 3 சதவீதம். அதே காலத்தில் நாடு முழுவதிலும் அது 12இலிருந்து 4 சதவீதமாக இறங்கியது. ஒரு நகரத்தில் ஓர் ஆளை மாற்றியது நாடு தழுவிய இந்த இறக்கத்தை விளக்காது.

லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் மார்க் டி லேவால் வேறு வழியில் இதே முடிவுக்கு வந்தார். பிறவியிலேயே இடம்மாறிய பெருந்தமனிகளை மாற்றிப் பொருத்தும் அறுவையில், நன்றாகப் போய்க்கொண்டிருந்த தம் அறுவைகளின் வரிசையில் திடீரென இறப்புகள் அடுத்தடுத்து நேர்ந்ததை 1994இல் அவரே ஆராய்ந்து வெளியிட்டார். பிறகு பல மையங்களில் அறுவைகளை ஆய்வாளர்கள் உட்கார்ந்து கவனிக்க வைத்தார். தனித்தனியே அற்பமாகத் தெரியும் தவறுகள் ஒன்றுசேர்ந்து குழந்தையை வீழ்த்துவது அப்போது புலப்பட்டது. அறுவை அரங்கிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் குழந்தையைக் கைமாற்றும் சில நிமிடங்கள் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட்டில் தனியே ஆராயப்பட்டன. ஃபெராரி கார்ப் பந்தயக் குழுவிடம்கூட யோசனை கேட்டார்கள். யார் எங்கே நிற்பது, சுவாசக் கருவியை யார் பொருத்துவது, யார் எப்போது பேசுவது என்று வரையறுத்த பிறகு, சொல்லாமல் விடுபடும் தகவல்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது.