எழுதியவரும் வரைந்தவரும்: சிறுவர் நூல்களின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

காலி வீதி வழியே தெஹிவளையிலிருந்து வெள்ளவத்தையைத் தாண்டி வடக்கே போனால் பம்பலப்பிட்டியில் திருக்குடும்பக் கன்னியர் மடப் பாடசாலை வரும். 1940களின் ஆரம்பத்தில் அங்கே படித்த பதினைந்து வயது மாணவி ஒருத்தியின் சித்திரங்கள் ஒரு கண்காட்சியில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பார்த்தவர்களுள் ஒருவர் எச். டி. சுகதபால. ரோயல் ஆரம்பப் பாடசாலையின் தலைமையாசிரியர். சிறுவருக்கான சிங்கள வாசிப்பு நூல்களை எழுதியவர். ஐந்தாம் வகுப்புக்கான தமது ‘நவ மக’ வாசிப்பு நூலுக்குப் படம் வரையும் பொறுப்பை அவர் அந்த மாணவியிடமே ஒப்படைத்தார். பெயர்பெற்ற கல்வியாளர் ஒருவர் தமது நூலில் சரிபாதியை ஒரு பாடசாலைச் சிறுமியின் கையில் கொடுத்தார் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

அந்த மாணவிதான் பின்னாளில் இலங்கை முழுவதும் அறிந்த சிபில் வெத்தசிங்க. 1927இல் காலிக்கு அருகே கிந்தோட்டையில் பிறந்தவர். பத்திரிகைத் துறைக்குள் பெண்கள் அரிதாகவே நுழைந்த காலத்தில் ‘லங்காதீப’ பத்திரிகையிலும், பிறகு லேக் ஹவுஸின் ‘ஜனதா’விலும் வரைந்தார். வரைந்துகொண்டிருந்தவர் எழுதவும் தொடங்கினார். 1956இல் நூலாக வந்த ‘குட ஹொரா’, அதாவது குடைத் திருடன், அவரே எழுதி அவரே வரைந்தது. 1986இல் அதற்கு ஜப்பானில் சிறந்த வெளிநாட்டு நூலுக்கான விருது கிடைத்தது. குடையையே கண்டிராத ஒரு கிராமம். பட்டணத்துக்குப் போன ஒருவர் குடையொன்றை வாங்கி வருகிறார். அது களவு போகிறது. மறுபடியும் வாங்குகிறார், அதுவும் போகிறது. கடைசியில் பார்த்தால், காட்டிலே ஒரு மரம் முழுக்கக் குடைகள் தொங்குகின்றன. திருடியது ஒரு குரங்கு. மரத்தில் குடைகள் தொங்கும் அந்தக் காட்சியை எத்தனை வரி எழுதினாலும் எழுத்தால் காட்டிவிட முடியாது. படம் ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது.

எழுதுபவரும் வரைபவரும் ஒருவரேயானால் பிணக்கு இல்லை. இருவராக இருக்கும்போதுதான் கேள்வி எழுகிறது. எதை எழுத்து சொல்வது, எதைப் படம் சொல்வது? இந்தக் கேள்வியை எமக்கு முதலில் கற்றுத் தந்தது எமது பாடசாலையே.

1990ஆம் ஆண்டளவில், ஆறாம் வகுப்பில், தமிழ்த் தினக் கண்காட்சிக்காக நாமும் ஒரு தோழியும் சேர்ந்து ஒரு கதைப் புத்தகம் செய்தோம். நாம் எழுதினோம், அவள் வரைந்தாள். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் பின்னேரத்தில் யானைகள் ஆடுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த ஆட்டத்துக்கு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு குட்டி யானையின் கதை அது. யானையின் காது, தும்பிக்கை, சங்கிலி, எதிரே நிற்கும் சனக்கூட்டம் என்று ஒன்றும் விடாமல் எழுதியிருந்தோம். சித்திர ஆசிரியை பென்சிலால் வரிவரியாக வெட்டிக்கொண்டு போனார். “காது பெரிசெண்டு படம் சொல்லுதுதானே பிள்ளை, பிறகேன் நீரும் சொல்லுறீர்?” என்று கேட்டார். நாற்பது வரியில் பன்னிரண்டு மிஞ்சியது. அன்று அழுதோம். கதை நன்றாக வந்ததற்கு அந்த வெட்டுத்தான் காரணம் என்பது விளங்கப் பல வருடங்கள் சென்றன.

வெட்டுக்கு உள்ளானவர்கள் நாம் மட்டுமல்லர். லூயிஸ் கரோலின் ‘அலிஸ்’ கதைக்கு 1865இல் படம் வரைந்த ஜோன் டெனியல், தமது படங்கள் அச்சில் சரியாக விழவில்லை என்று சொன்னதால், முதலில் அச்சான 2,000 பிரதிகளும் ஒதுக்கப்பட்டு நூல் மறுபடி அச்சிடப்பட்டது. செலவு கரோலினுடையது. 1871இல் வந்த இரண்டாம் நூலில், பொய்முடி அணிந்த குளவி ஒன்று வரும் பகுதியைப் படமாக்க வழியில்லை என்று டெனியல் எழுதினார். கரோல் அந்தப் பகுதியையே நீக்கிவிட்டார். நீக்கப்பட்ட தாள்கள் 1974இல்தான் ஏலத்துக்கு வந்தன.

பிற்காலத்தில் ரோல்ட் டாலும் குவென்டின் பிளேக்கும் இப்படியே நடந்துகொண்டனர். 1982இல் வெளிவந்த ‘பி.எஃப்.ஜி.’ கதையின் இராட்சதன் காலில் என்ன அணிந்திருப்பான் என்று இருவருக்கும் தீரவில்லை. முதலில் எழுதியிருந்த பாதணி படத்தில் எடுபடவில்லை. ஒருநாள் பிளேக்குக்குத் தபாலில் ஒரு பொதி வந்தது. உள்ளே டாலின் சொந்தச் செருப்பு ஒன்று! இராட்சதனின் காலில் இன்றும் இருப்பது அந்தச் செருப்புத்தான். எழுத்தாளர் தமது வரியை மாற்றிக்கொண்டதால் வந்த படம் அது.

தமிழ்ப் பிள்ளைகளின் நிலை என்ன? காதுக்கு எமக்குக் குறைவேயில்லை. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைப் பாடாமல் ஆரம்ப வகுப்பைக் கடந்தவர்கள் எம்மில் யார்? ஆனால் கண்ணுக்குக் கிடைத்தவற்றுள் பல கடல் கடந்து வந்தவை. 1947இல் சென்னையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’ வெள்ளவத்தைக் கடைகளுக்கு வரும்போது வாங்குவோம். உருவிய வாளும் தோளில் வேதாளமுமாக நடக்கும் விக்கிரமாதித்தனைக் கண்ணை மூடினாலும் காண்கிறோம் அல்லவா? அந்த உருவத்தை எமது மனத்தில் பதித்தவர் சங்கர் என்ற கே. சி. சிவசங்கரன். 1950களின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்து பல பத்தாண்டுகள் வரைந்தவர். சிபில் வெத்தசிங்க 2020 ஜூலையில் மறைந்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் சங்கரும் மறைந்தார். இரு மொழிப் பிள்ளைகளின் கண்களைத் திறந்த இருவரையும் ஒரே ஆண்டில் இழந்தோம்.

அம்புலிமாமாவுடன் சோவியத் நாட்டிலிருந்து தமிழில் வந்த மலிவுப் பதிப்புகளும் எமக்குக் கிடைத்தன. பனியையே காணாத நாம் அவற்றின் படங்களில்தான் பனியைக் கண்டோம். அவற்றில் எழுதியவர் பெயரோடு ஓவியர் பெயரும் அச்சாகியிருக்கும். அக்காலத்தில் நாம் அதைக் கவனிக்கவில்லை.

சென்னையில் 1994இல் கீதா வுல்ஃப் தொடங்கிய தாரா பதிப்பகம், எழுத்தாளர் எழுதிக் கொடுக்க ஓவியர் வரைவது என்ற முறையையே புரட்டிப் போட்டது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷ்யாம், ஓர் உணவகத்தின் சுவர்களில் ஓவியம் தீட்ட லண்டன் போய்வந்தார். அங்கே கண்டதை அவர் வாயால் சொன்னார். கீதா வுல்ஃபும் சிரிஷ் ராவும் எழுத்தாக்கினர். பிக் பென் மணிக்கூட்டுக் கோபுரம் நேரம் சொல்லும் சேவலாகவும், தினமும் ஏறிய பஸ் நன்றியுள்ள நாயாகவும் அவருடைய படங்களில் மாறின. 2004இல் வந்த அந்த ‘லண்டன் ஜங்கிள் புக்’ பஜ்ஜு ஷ்யாமின் நூல் என்றே அறியப்படுகிறது. ஓவியமும் அவருடையது, கதையும் அவருடையது. எழுத்தில் வல்லவர்கள் துணைநின்றனர்.

மருத்துவத் தொழிலில் இருக்கும் எமக்கு இது வெறும் இலக்கியச் செய்தியாகத் தோன்றவில்லை. 1989இல் பொஸ்டன் நகரில், கிளினிக்குக்கு வரும் குழந்தைகளுக்கு மருத்துவர்களே புத்தகம் கொடுக்கும் திட்டமொன்று தொடங்கியது. பிறந்ததிலிருந்தே பிள்ளைக்கு வாசித்துக் காட்டும்படி பெற்றோரிடம் சொல்ல வேண்டும் என்று 2014இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது. நாமும் மேசையில் நாலைந்து புத்தகங்கள் வைத்திருக்கிறோம். ஊசிக்குப் பயந்து தாயின் மடியில் ஒளியும் பிள்ளை முதலில் நீட்டுவது விரலைத்தான். “இது என்ன?” என்று படத்தைத் தொட்டுக் கேட்கும். தாய் தமிழில் பதில் சொல்வாள். வீட்டில் தமிழும் வெளியே சிங்களமும் ஆங்கிலமுமாக வளரும் கொழும்புப் பிள்ளைக்குத் தமிழ்ச் சொல் ஒன்று ஒட்டிக்கொள்வது அந்த விரல் நுனியில்தான். படம் இல்லாத புத்தகத்தில் அந்த விரலுக்கு வேலை இல்லை. எழுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் தாய்க்கும் வேலை இல்லை.

இன்று நிலைமை முன்னேறியிருக்கிறது. ரூம் டு ரீட் நிறுவனம் 2005 முதல் இலங்கையில் இயங்கிச் சிங்களத்திலும் தமிழிலும் சிறுவர் நூல்களை வெளியிட்டு வந்திருக்கிறது. ஆயினும் எமது ஊர்த் தெருவும் கடலும் மழையும் எமது சொல்லோடு சேர்ந்து வரும் நூல்கள் இன்னும் வேண்டும். அதற்குப் பெரிய அச்சகம் முதல் தேவையல்ல. எழுதும் பிள்ளையையும் வரையும் பிள்ளையையும் ஒரு மேசையில் இருத்தி, பென்சிலோடு பக்கத்தில் நிற்க ஓர் ஆசிரியை போதும். நூற்றாண்டு காணும் எமது பாடசாலையின் ஆரம்பப் பிரிவு நூலகத்துக்கு இப்படியான நூல்களை ஆண்டுக்கு ஒன்றாவது செய்து கொடுக்கும் பொறுப்பைப் பழைய மாணவியர் ஏற்கலாம் என்பது எமது பணிவான வேண்டுகோள். முன்னட்டையில் இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.

இதை வலியுறுத்த எமக்கு ஒரு காரணம் உண்டு. எமது யானைக் கதை கண்காட்சியில் முதற் பரிசு பெற்றது. அட்டையில் இருந்தது எமது பெயர் மட்டுமே. அதை எழுதியது எமது கைதான். வரைந்தவளின் பெயரும் வேண்டும் என்று அப்போது தோன்றவேயில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. சில வருடங்களில் குடும்பத்தோடு கனடா போகும்போது, “புத்தகத்தை நான் கொண்டுபோகட்டோ?” என்று மட்டும் கேட்டாள். கொடுத்தோம். இன்றும் அது அவளிடம் இருக்கக் கூடும்.

இந்த மலர் அவளுக்கும் போய்ச் சேரும். எமது பெயருக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. அவள் தன் பெயரை அங்கே எழுதிக்கொள்ளட்டும். எழுதிவிட்டு ஒரு படம் எடுத்து எமக்கு அனுப்பட்டும்.