லேசிக் சிகிச்சை: யாருக்குப் பொருந்தும்?

கருவிழிப் படலத்தின் (கார்னியா) வளைவை லேசர் கதிரால் மாற்றி, கிட்டப்பார்வை, தூரப்பார்வை, சிலிண்டர் பவர் ஆகிய குறைகளைத் திருத்தும் அறுவை சிகிச்சையே லேசிக். இதில் பயன்படும் எக்ஸைமர் லேசர், சூட்டுக்காயம் இல்லாமல் திசுவை நுணுக்கமாகச் செதுக்கும் என்பதை 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டறிந்த குழுவில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன்.

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். கண்ணாடி பவர் ஓராண்டாவது மாறாமல் இருக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமானது கருவிழியின் கனம். சராசரியாக அது 540 மைக்ரான் அளவு இருக்கும். மேலே மெல்லிய மடலைத் திறந்து, உள்திசுவைச் செதுக்கிய பின்னும் அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும். பவர் கூடக் கூட, செதுக்க வேண்டிய ஆழமும் கூடும். கனம் போதாதவர்களில் சிலருக்கு, மடல் திறக்காத பிஆர்கே முறை பொருந்தலாம்.

கருவிழி கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸ் உள்ளவர்களுக்கு லேசிக் கூடவே கூடாது. அறிகுறி வெளியே தெரியாத தொடக்க நிலையிலும் அது இருக்கக்கூடும் என்பதால், கருவிழி வரைபடப் பரிசோதனையை எக்காரணம் கொண்டும் தவிர்க்கலாகாது. கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் மருத்துவர் சொல்லும் காலம்வரை அதைக் கழற்றி வைத்த பிறகே அளவெடுக்க வேண்டும். கண் வறட்சி கடுமையாக இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் காத்திருப்பதே நல்லது.

40 வயதை ஒட்டி வரும் வெள்ளெழுத்தை லேசிக் தடுப்பதில்லை. படிக்கக் கண்ணாடி அப்போதும் தேவைப்படும்.