தொட்டறியும் நேரம்

புத்தளம் மாவட்டக் கரையோரத்துக்குச் செய்தி சேகரிக்கச் சென்ற நாட்களில், கற்பிட்டி வீதித் தேநீர்க்கடை ஒன்றில் பார்வையிழந்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். இளமையில் கடற்றொழில் செய்தவர். மகன் வளைகுடா நாட்டிலிருந்து அனுப்பிய பேசும் கைக்கடிகாரம் ஒன்று அவரிடம் இருந்தது. பொத்தானை அமுக்கினால் பெண்குரல் ஒன்று ஆங்கிலத்தில் மணி சொல்லும். மணிக்கொரு முறை தானாகவும் சொல்லும். அவரோ அதைக் கட்டுவதை விட்டுவிட்டார். காரணம் கேட்டேன்.

"மௌத்து வீட்டுல ஓதிக்கிட்டிருக்கக்குள்ள கத்திட்டுது, தம்பி. எல்லாரும் என்னயத்தான் பாத்திருப்பாங்க."

அந்த 'பாத்திருப்பாங்க' என்ற சொல் என்னை விட்டு அகலவில்லை. பேசாமல் நேரம் சொல்லும் கடிகாரம் இல்லையா என்று தேடத் தொடங்கியது அதன் பிறகுதான்.

ஒலியால் நேரம் அறிவது பழைய வழக்கம். தீப்பெட்டி இல்லாத காலத்து இருளுக்காக, அமுக்கினால் மணியடிக்கும் கடிகாரங்களை இங்கிலாந்தில் செய்தார்கள். அதன் உரிமைக்கு எட்வர்ட் பார்லோவும் டேனியல் குவேரும் போட்டியிட, 1687இல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் குவேரின் பக்கம் தீர்ப்பளித்தார்.

தொடுகையால் நேரம் அறியும் கடிகாரத்தின் கதை வேறு. பாரிஸ் நகரின் புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் பிரெகே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை உருவாக்கினார். மேல்மூடியில் ஓர் அம்பு. விளிம்பைச் சுற்றி மணிகளைக் குறிக்கும் பன்னிரண்டு குமிழ்கள். அம்பை விரலால் திருப்பினால், அப்போதைய நேரத்துக்கு நேராக வந்ததும் அது தடைபட்டு நிற்கும். இதை வாங்கியவர்களில் நெப்போலியனின் மனைவி ஜோசபினும் ஒருவர். சபையில் கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று கருதப்பட்ட காலம் அது. கண்ணுள்ளவர்கள், பிறர் கண்ணில் படாமல் நேரம் அறிய விரும்பினார்கள். நம் பெரியவர் விரும்பியதும் அதையேதான்.

அதே முறையில் சுவிட்சர்லாந்தில் 1865ஆம் ஆண்டளவில் செய்யப்பட்ட ஒரு கடிகாரம், 1892இல் ஜோன் ஹிட்ஸ் என்பவரிடமிருந்து ஹெலன் கெல்லருக்குப் பரிசாகக் கிடைத்தது. அதுவும் இருளில் நேரம் அறியச் செய்யப்பட்டதே. பார்வையும் செவிப்புலனும் இல்லாத அவருக்கு, மணியடிக்கும் கடிகாரத்தால் என்ன பயன்? 1952இல் அதை நியூயோர்க் வாடகைக் காரொன்றில் தவறவிட்டுவிட்டார். பத்திரிகை விளம்பரங்களாலும், அடகுக் கடைக்காரர்களின் தலைவர் ஒருவரின் உதவியாலும் அது மீண்டு வந்தது. விளம்பரப் பகுதியை ஏளனமாகப் பார்க்கும் எங்கள் ஆசிரிய பீடத்தார் கவனிக்க! இன்று அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் 'பிரெயில் கடிகாரம்' சாதாரண மக்களின் மணிக்கட்டுக்கு வந்தது. பெயர்தான் அப்படி, பெரும்பாலானவற்றில் பிரெயில் எழுத்து எதுவும் இராது, புடைத்த புள்ளிகளே இருக்கும். கண்ணாடி மூடியைத் திறந்து முட்களை விரலால் தடவ வேண்டும். இந்திய அரசின் எச்.எம்.டி. நிறுவனமும் இத்தகைய கடிகாரத்தைச் செய்தது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கிய நிறுவனம் அது. அதன் கடிகாரப் பிரிவை மூடுவதற்கு இந்திய அமைச்சரவை 2016இல் ஒப்புதல் அளித்தது.

இவ்வகைக் கடிகாரத்துக்கு ஒரு குறை உண்டு. அழுத்தித் தொட்டால் முள் நகர்ந்துவிடும். மூடியைத் திறக்கும்போதெல்லாம் தூசியும் ஈரமும் உள்ளே போகும். உப்புக் காற்றும் மணலுமான கற்பிட்டிக் கரையில், வலை இழுத்துக் காய்த்துப்போன விரல்களுக்கு இது எத்தனை நாள் தாங்கும்?

இந்தக் குறைக்கு விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. எம்.ஐ.டி.யில் படித்த ஹியுங்சூ கிம்மிடம், வகுப்பில் அருகே அமர்ந்த பார்வையற்ற மாணவர் அடிக்கடி மணி கேட்பாராம். அவரிடமும் பேசும் கடிகாரம் இருந்தது. வகுப்பில் அதை ஒலிக்கவிட அவர் விரும்பவில்லை. 2013இல் கிம் வெளிக்கொணர்ந்த கடிகாரத்தில் முட்களே இல்லை. உள்ளிருக்கும் காந்தங்கள் இரண்டு சிறு உருண்டைகளை இழுத்துச் செல்லும். முகப்பில் ஓடுவது நிமிடம், பக்கவாட்டில் ஓடுவது மணி. விரல் பட்டு உருண்டை விலகினாலும், கையை அசைத்தால் காந்தம் மீண்டும் பிடித்துக்கொள்ளும். ஆப்கானிஸ்தானில் 2011இல் பார்வையிழந்து, மறு ஆண்டே லண்டன் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற பிராட்லி ஸ்னைடரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

விலைதான் இருநூறு டொலரைத் தாண்டியது. அன்று மாலை அந்தப் பெரியவர், தேநீர்க்கடைக்காரரிடம் மணி கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் புறப்பட்டார்.