அட்டமித் திதியும் அராலிக் கிரகணமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ரொறன்ரோவில் வாழும் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணை, ஐயாவின்ரை திதி எண்டைக்கு? இஞ்சை குருக்கள் செவ்வாய் எண்டுறார், நீங்கள் புதன் எண்டு எழுதியிருக்கிறியள்" என்றாள்.

எங்கள் தந்தையார் கண்மூடியது ஒரு தேய்பிறை அட்டமியில். சரவணையில் எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில், ஓர் ஆணியில், ஆண்டுதோறும் தொங்கியது வாக்கிய பஞ்சாங்கம். ஊரை விட்டுப் பெயர்ந்த பின்னரும் நான் அதையே வாங்கி வந்தேன். தங்கையின் கோயிலில் திருக்கணிதம். யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் உள்ள நேர வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தேன். அதன் பிறகும் சில மணி நேரம் இடித்தது. பத்திரிகை வேலையில் இருந்த காலத்தில் இவ்வாறான சிக்கல் வந்தால் இரண்டு நேரத்தையும் அச்சிட்டுவிட்டு நழுவிவிடுவோம். தந்தைக்குப் பிதிர்க்கடன் எந்நாளில் செய்வது என்று தங்கை கேட்கும்போது அப்படி நழுவ இயலவில்லை. ஆகவே தேடத் தொடங்கினேன்.

சூரியனிலிருந்து சந்திரன் 12 பாகை விலகும் காலமே ஒரு திதி. 30 திதி கூடியது ஒரு சாந்திர மாதம். சந்திரன் சீராக ஓடினால் யாரும் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அது பூமிக்கு அண்மையில் விரைந்தும் சேய்மையில் தயங்கியும் செல்கிறது. சராசரியாக ஒரு நாளில் 13 பாகைக்குச் சற்று மேல். விரைவான நாளில் 15 பாகையை நெருங்கும். எனவே ஒரு திதி ஏறத்தாழ 20 மணி நேரத்திலும் முடியலாம், 27 மணி நேரம் வரை நீளவும் கூடும்.

மாறிக்கொண்டேயிருக்கும் வேகத்திலிருந்து கடந்த தூரத்தைக் காண்பதைப் பாடசாலையில் 'தொகையீடு' என்று படித்தோம். நேர்த்தியான சூத்திரத்தில் அடங்கும் தொகையீடுகள் சில. அடங்காதவை மிகப் பல. அடங்காதவிடத்து, வளைகோட்டின் கீழுள்ள பரப்பை மெல்லிய கீலங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் பரப்பையும் கண்டு கூட்டுவார்கள். விடை அண்ணளவானது, கீலம் மெலிய மெலிய உண்மையை நெருங்கும். சந்திரனின் ஓட்டம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பூமி மட்டுமன்றிச் சூரியனும் அதனை இழுப்பதால், அடக்கமான ஒரு சூத்திரம் அதற்கு இல்லை.

நம்மவர் செய்த உபாயம் வியப்புக்குரியது. ஒவ்வொரு முறையும் கணிப்பதை விடுத்து, ஒரு முறை கணித்து மனப்பாடம் செய்துவிட்டார்கள். சந்திரன் தன் மிக மெதுவான நிலையிலிருந்து புறப்பட்டு, 248 நாளில் ஒன்பது முறை அந்நிலைக்கே மீள்கிறது. ஆகவே 248 நாளுக்கு 248 வாக்கியங்கள். எழுத்துக்கு ஓர் எண் என்னும் கடபயாதி முறையில், ஒவ்வொரு வாக்கியமும் அந்நாள் வரை சந்திரன் கடந்த தூரத்தைச் சொல்லும். முதல் நாள் வாக்கியத்தை அவிழ்த்தால் 12 பாகை 3 கலை. கடைசி வாக்கியத்தில், முழுச் சுற்றுகள் போக, 27 பாகை 44 கலை. இன்னும் நீண்ட காலத்துக்கு 3031 நாள், 12372 நாள் என்ற பெரிய சுற்றுகளும் உண்டு. வாக்கியங்களை வரருசி செய்ததாக மரபு கூறும். சங்கமகிராமத்து மாதவர் 14ஆம் நூற்றாண்டளவில் அவற்றை விகலை வரை நுணுக்கினார். நாட்கூறுகளைக் கூட்டிய தொகையை அட்டவணையாக்கி வைத்த இம்முறைக்கு, எண்சார் தொகையீடு என்ற பெயர் பொருந்தாது என்று எவரும் என்னிடம் வாதிட வேண்டாம்.

இதனை ஐரோப்பியர் கண்டது புதுச்சேரியில். வெள்ளிக்கோளின் இடைநகர்வைக் காண வந்து, 1769இல் முகில் மறைத்ததால் ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்தீ, அங்கே ஒரு தமிழர் முக்கால் மணி நேரத்தில் சந்திர கிரகணமொன்றைக் கணித்துத் தந்ததை எழுதினார். 1765 ஆகஸ்ட் 30ஆம் நாள் கிரகணத்தின் நீடிப்பில் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைந்தது. அக்காலத்தில் ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான தோபியாஸ் மாயருடையது 68 வினாடி கூடியது. இந்தச் செய்தியை மேடைகளில் முழங்காத தமிழ்ப் பேச்சாளர் குறைவு. அவர்கள் சொல்லாது விடுவது வேறொன்று. 1825இல் வாரன் என்பவர் முன்னிலையில், அதே ஊர்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் நிலத்தில் சோகிகளைப் பரப்பி, ஏட்டைத் தொடாமல் நினைவிலிருந்தே ஒரு கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழைத்தது. வரலாற்றாசிரியர் நோய்கெபவர் 1952இல் இந்தக் கணிப்பைப் பற்றித் 'தமிழ் வானியல்' என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். முறை ஒன்று, ஒரு முறை வென்றது, ஒரு முறை தவறியது. ஒரு வெற்றியை மட்டும் காட்டி முடிவு கட்டுவது பத்திரிகைக்காரனுக்கு ஆகாத பழக்கம்.

இனி எங்கள் கரைக்கு வருகிறேன். சரவணையில் நின்று வடகிழக்கே நோக்கினால், கடல்நீரேரிக்கு அப்பால் அராலியும் வட்டுக்கோட்டையும். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823இல் செமினரியை நிறுவியது. அதன் தலைவர் டானியல் பூவர். அராலியில் விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கம் கணித்து வந்தார். 1829 மார்ச்சில் வந்த சந்திர கிரகணத்தில், தொடங்கும் நேரம், மறையும் அளவு, நீடிக்கும் நேரம் ஆகிய மூன்றிலும் இருவர் கணக்கும் முரண்பட்டன. அன்றிரவு ஊரார் பலர் அண்ணாந்து பார்த்தனர். போதகரின் கணக்கே பலித்தது என்பது மிஷனரிகளின் பதிவு.

பூவருக்கு அது வானியல் வெற்றி மட்டுமன்று. கணிதம் பிழைத்தால் அதனைத் தாங்கும் சமயமும் பிழை என்று காட்டுவது அவர் நோக்கம். எதிர்த்தரப்பும் அதனைச் சமயப் போராகவே எடுத்துக்கொண்டது. அந்த ஆரவாரத்தில், எவ்விடத்தில் எவ்வளவு பிழைத்தது, எதனைத் திருத்தலாம் என்ற கேள்வி காணாமற் போயிற்று என்பதே என் மனத்தாங்கல். பூவருக்குப் பின் வந்த ஹொய்சிங்டன், தமிழ்ச் சோதிட நூலொன்றை ஆங்கிலத்தில் பெயர்த்து, விரிவான குறிப்புகளுடன் 1848இல் யாழ்ப்பாணத்திலேயே பதிப்பித்தார். அது படிப்பாளியின் வேலை.

திருத்துவது நம் மரபுக்கு அந்நியமா? இல்லை. கேரளத்துப் பரமேசுவரர் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கிரகணங்களைக் கண்ணாற் கண்டு, கணக்கோடு ஒப்பிட்டு, 1431இல் 'திருக்கணிதம்' என்ற முறையை வகுத்தார். இங்கே 'திரு' என்பது நம் 'ஸ்ரீ' அன்று. 'திருக்' என்றால் காண்டல். இதனை அறியாமல் நானே பல ஆண்டுகள் அதனை ஒரு மங்கலச் சொல்லாக எண்ணியிருந்தேன்.

கண்டதற்கு ஏற்பக் கணக்கைத் திருத்தும் வழியை முறைப்படுத்தியவர்கள் 1805இல் லெழாந்தரும் 1809இல் காவுசும். தெரியாதவை சில, அவதானங்களோ பல. ஒவ்வோர் அவதானத்திலும் சிறு பிழை. எல்லாப் பிழைகளின் வர்க்கங்களையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகச் சிறிதாகும்படி தெரியாதவற்றைத் தேர்வதே உத்தி. அது பல சமன்பாடுகளை ஒருங்கே தீர்க்கும் வேலையாக முடியும். அச்சமன்பாடுகளின் எண்களைச் சதுரமாக அடுக்கினால் கிடைப்பதைத்தான் எங்கள் இலங்கைப் பாடநூல்கள் 'தாயம்' என்கின்றன, தமிழ்நாட்டார் 'அணி' என்கின்றனர்.

இன்று அமெரிக்காவின் ஜெட் உந்துகை ஆய்வுகூடம் சந்திரனின் நிலையைக் காணும் விதமும் இதுவே. சூரியனும் கோள்களும் சந்திரனும் ஒன்றையொன்று இழுப்பதைக் கணினி சிறு சிறு காலக் கீலங்களாக வெட்டித் தொகையிடுகிறது. 1969 முதல் சந்திரனில் வைத்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைத் தெறிக்கவிட்டு அளந்த தூரங்களோடு ஒப்பிட்டு, பெரிய தாயங்களைத் தீர்த்துத் தொடக்க எண்களைத் திருத்துகிறது. பிறகு என்ன செய்கிறார்கள் தெரியுமா? சந்திரனுக்கு நான்கு நாளுக்கு ஒரு துண்டாகச் சில எண்களைச் சேமித்து, அட்டவணையாகத் தருகிறார்கள். பயன்படுத்துவோர் மீண்டும் தொகையிட வேண்டியதில்லை. வாக்கியம் செய்தவருக்கு இது புரிந்திருக்கும்.

தங்கையின் கேள்விக்கு விடை, நான் எதிர்பாராத ஓரிடத்தில் கிடைத்தது. சூரியனின் இழுப்பால் சந்திரனுக்கு இன்னொரு சிறிய தள்ளாட்டம் உண்டு. கிரேக்க வானியலாளர் தொலமி அதனைக் கண்டிருந்தார். நம் நாட்டில் முஞ்சாலர் 10ஆம் நூற்றாண்டில் கணக்கிற் சேர்த்தார். வாக்கியத்தில் அது தனியாக இல்லை. ஆனால் அமாவாசையிலும் பூரணையிலும் அத்தள்ளாட்டம் பெரிய தள்ளாட்டத்திற் பெரும்பாலும் கரைந்துவிடும். முன்னோர் தம் எண்களைக் கிரகணங்களைப் பார்த்துப் பொருத்தியதால், அந்நாட்களில் சந்திரனின் இடம் பெரிதும் சரியாக வரும். கிரகணத்துக்கு ராகுவின் இடமும் சூரியனின் இடமும் வேண்டும். பழைய சராசரி வேகங்களில் நூற்றாண்டுக் கணக்காகச் சேர்ந்த வழுவும் உண்டு. அவற்றால் வரும் பிழை வேறு. தள்ளாட்டத்தால் வரும் பிழை மிகுவது அரைச் சந்திரனில். அங்கே இரண்டரைப் பாகை வரை விலகலாம். நேரத்தில் ஏறத்தாழ ஐந்து மணி. அரைச் சந்திரன் என்பது அட்டமி.

இதை அப்படியே தங்கைக்கு எழுதினேன். வானத்துச் சந்திரனைப் பார்த்தால் உன் குருக்களின் நாளே சரி என்றும் எழுதினேன். அவள் மறுநாள் அழைத்தாள். "அண்ணை, எல்லாம் விளங்குது. ஆனால் ஐயா கண்மூடின நாளை அட்டமி எண்டு சொன்னது எந்தப் பஞ்சாங்கம்?"

சுவரில் தொங்கிய வாக்கியந்தான். அந்த ஆண்டுப் பிரதி சரவணை வீட்டோடு போய்விட்டது. இறந்த ஆங்கிலத் திகதியும் நேரமும் எனக்கு நினைவிருக்கின்றன, கணித்துப் பார்க்கலாம். இன்னும் பார்க்கவில்லை.