ஸ்டாக் தீர்ந்ததும் பக்கத்தை டெலிட் பண்றீங்களா? கூகுளில் உங்க கடை காணாமப் போக இதுவே காரணமாகலாம்!

சேலத்து மாம்பழத்தை ஆன்லைனில் விற்கும் ஒரு சின்னக் கடை. ஏப்ரலில் தொடங்கி ஜூன், ஜூலை வரைதான் சீசன். பழம் தீர்ந்ததும் வெப்சைட்டில் அந்தப் பக்கத்தை நீக்கிவிடுகிறார் கடைக்காரர். அடுத்த ஏப்ரலில் புதுசாக ஒரு பக்கம் போடுகிறார். ஆனால் கூகுளில் முதல் பக்கத்தில் வந்த கடை, இப்போது தேடினாலும் கிடைக்கவில்லை. ஏன்?

பக்கத்தை நீக்கினால் என்ன ஆகும்?

நீக்கிய பக்கத்துக்கு கூகுள் வந்தால் '404', அதாவது 'இப்படி ஒரு பக்கமே இல்லை' என்ற பதில்தான் கிடைக்கும். அது தொடர்ந்தால் கூகுள் தன் பட்டியலில் இருந்தே பக்கத்தைத் தூக்கிவிடும். மற்ற தளங்கள் கொடுத்த லிங்குகளும் வீணாகும். புதுப் பக்கம் முதல் படியில் இருந்து ஏற வேண்டியதுதான்.

டெலிட் பண்ணாமலே இது நடக்கலாம். ஷாப்பிஃபையில் ஒரு பொருளை 'டிராஃப்ட்'டுக்கு மாத்தினாலும் அந்தப் பக்கம் 404 ஆகிவிடும். 'நோஇண்டெக்ஸ்' போட்டாலும் தேடலில் இருந்து பக்கம் போய்விடும்.

சரக்கு திரும்ப வரும் என்றால்?

பக்கத்தை அப்படியே விடுங்க. படம், விவரம், விலை, ரிவ்யூ எல்லாம் இருக்கட்டும். 'வாங்க' பட்டனுக்குப் பதில் 'ஸ்டாக் வந்ததும் சொல்லுங்க' பட்டன் வையுங்க. எப்போ வரும்னு தெரிந்தால் தேதியையும் போடுங்க. கீழே இதே மாதிரி பொருட்களைக் காட்டுங்க.

விவரத்தை எல்லாம் எடுத்துவிட்டு 'பொருள் இல்லை' என்று ஒரு வரி மட்டும் போடாதீங்க. அதை கூகுள் 'சாஃப்ட் 404' என்று கணக்கில் எடுக்கலாம். பக்கம் இருந்தும் இல்லாத கதைதான்.

பக்கத்தின் கோடிங்கில் உள்ள ஸ்கீமா தகவலிலும் 'அவுட் ஆஃப் ஸ்டாக்' என்று மாத்த மறக்காதீங்க. பக்கத்தில் ஒன்று, கூகுள் மெர்ச்சன்ட் சென்டரில் வேறொன்று என்று இருந்தால், ஷாப்பிங் பகுதியில் உங்கள் பொருள் நிராகரிக்கப்படலாம்.

சீசன் பொருளுக்கு இன்னொரு விஷயம். லிங்கில் ஆண்டைச் சேர்க்காதீங்க. ஒரே லிங்க்கை ஒவ்வொரு வருஷமும் பயன்படுத்தினால், போன வருஷம் சேர்த்த பெயர் இந்த வருஷமும் கைகொடுக்கும். கேட்டகிரி பக்கத்தில் இருந்தும் தூக்க வேண்டாம், பட்டியலின் கடைசிக்குத் தள்ளினால் போதும்.

இனி வரவே வராது என்றால்?

இதற்கு 3 வழி இருக்கு.

1. அதே பொருளின் புது மாடல் வந்திருந்தால், பழைய லிங்க்கை '301 ரீடைரக்ட்' மூலம் புதுப் பக்கத்துக்குத் திருப்புங்க. பழைய பக்கத்தின் மதிப்பு புதுசுக்குப் போகும். இந்த ரீடைரக்ட்டைக் குறைந்தது 1 வருஷமாவது வைக்கச் சொல்கிறது கூகுள்.

2. நேரடி மாற்று இல்லை, ஆனாலும் பக்கத்துக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்களா? 'விற்பனை நிறுத்தப்பட்டது' என்று தெளிவாக எழுதி, நெருக்கமான பொருட்களைக் காட்டுங்க.

3. ஆட்களும் வரவில்லை, லிங்கும் இல்லை என்றால் 404 ஆகட்டும், தப்பில்லை. அதனால் மற்ற பக்கங்களின் தரவரிசை பாதிக்காது.

பலரும் செய்வது, எல்லாவற்றையும் ஹோம் பேஜுக்குத் திருப்பிவிடுவது. சேலை தேடி வந்தவரைக் கடை வாசலில் நிறுத்தினால் திரும்பிப் போய்விடுவார். கூகுளும் அதை 'சாஃப்ட் 404' ஆகவே பார்க்கும்.

முதலில் எதைப் பார்க்கணும்?

கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். அதில் 'பேஜஸ்' பகுதியில் 404, சாஃப்ட் 404 பட்டியல் இருக்கும். 'பெர்ஃபாமன்ஸ்' பகுதியில் எந்தப் பக்கத்துக்கு எத்தனை கிளிக் என்று கடந்த 16 மாதங்கள் வரை பார்க்கலாம். நல்ல கிளிக் வாங்கிய பக்கம் 404 பட்டியலில் இருந்தால், அதே லிங்கில் உடனே மீட்டு எடுங்க.

இப்படிச் செய்தால் தரவரிசை அசையவே அசையாது என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் பக்கத்தை நீக்கினால், அந்த இடம் போவது உறுதி. சரக்கு தீர்ந்ததும் யாரும் கடையை இடிப்பதில்லை. ஆன்லைன் கடைக்கும் அதே கணக்குதான்.