மீன் நாற்றம் அடிக்கும் கண்டன்சர்

மின்தேக்கி என்பது பாடப்புத்தகச் சொல். திருவட்டாற்றிலோ மார்த்தாண்டத்திலோ ரேடியோ பழுது பார்க்கும் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு அது கண்டன்சர். கல்லூரியில் எங்களுக்குக் கெபாசிட்டர். உண்மையில் கண்டன்சர்தான் பழைய பெயர். உலகம் அதைக் கைவிட்ட பிறகும் நம் மெக்கானிக்குகள் விடவில்லை. இந்த விஷயத்தில் நான் அவர்கள் கட்சி.

எல்லாக் கண்டன்சரும் ஒழுகாது. ஒழுகுவது எலக்ட்ரோலிட்டிக் என்கிற வகை. இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவே திரவத்தில் ஊறிய காகிதம், அப்படியே பாய் மாதிரிச் சுருட்டி ஒரு அலுமினியக் குப்பிக்குள் வைத்து, வாயை ரப்பரால் அடைத்திருப்பார்கள். ஒரு தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஆக்ஸைடு படலம் உண்டு. கரோல் பொல்லாக் என்ற போலந்துக்காரர், போராக்ஸ் கரைசலில் அந்தப் படலம் நிலைத்து நிற்பதைக் கண்டு 1896-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். படலம் மெல்லியதாக இருப்பதால் சிறிய குப்பிக்குள் நிறைய மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கலாம். அதற்கு நாம் கொடுக்கும் விலை, ஒரு மின்னணுக் கருவிக்குள் திரவத்தை வைத்துக்கொண்டு வாழ்வது. அந்தத் திரவத்துக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவே நிற்பது ஒரு ரப்பர் அடைப்பான் மட்டும்தான்.

ரப்பர் என்றதும் எங்கள் ஊர்க்காரனுக்குக் காது நிமிரும். திருவட்டாற்றிலிருந்து குலசேகரம் வரைக்கும் சாலையின் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். ஆனால் கண்டன்சரின் வாயை அடைப்பது எங்கள் ரப்பர் இல்லை. இயற்கை ரப்பர் வாயுவைக் கசியவிடும். அதனால் ப்யூட்டைல் போன்ற செயற்கை ரப்பர்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

1980-களின் பிற்பகுதியில் வாக்கி டாக்கியும் படகு வயர்லெஸ்ஸும் சுருங்க ஆரம்பித்தன. கால்களைத் துளைக்குள் நுழைத்துப் பற்றவைத்த பாகங்கள் போய், போர்டின் மேல்பரப்பிலேயே ஒட்டி நிற்கும் பாகங்கள் வந்தன. கண்டன்சரும் குள்ளமாக வேண்டியிருந்தது. தொழிற்சாலையில் 200 டிகிரிக்கு மேல் சூடான அடுப்புக்குள் போய்வந்தும் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது. அதற்காக உள்ளே இருக்கும் திரவத்தை மாற்றினார்கள். குவாட்டர்னரி அம்மோனியம் உப்புகள் சேர்ந்த புதிய திரவம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தியது, வெப்பத்தைத் தாங்கியது. சோதனைச்சாலையில் எந்தக் குறையும் தெரியவில்லை.

குறை மெதுவாக வேலை செய்யும் ரகம். எதிர்முனைக்குப் பக்கத்தில் ஹைட்ராக்ஸைடு சேர்ந்துகொண்டே வரும்; அதாவது காரம். சாதாரண உப்பாக இருந்தால் அந்தக் காரம் எதனுடனாவது வினைபுரிந்து அடங்கும். இந்த உப்போடு அது அடங்காமல் அங்கேயே தேங்கும். தேங்கிய காரம் ரப்பருக்கும் முனைக்கும் இடையே வழி பண்ணிக்கொண்டு வெளியே வரும். எதிர்முனைப் பக்கம்தான் முதலில் ஈரமாவதற்குக் காரணம் இதுதான். வெளியே வந்ததும் ஈயத்தை மங்கலாக்கும், போர்டின் பச்சைப் பூச்சைக் கிளப்பும், அடியில் ஓடும் செம்புத் தடத்தைத் தின்னும். மேலிருந்து பார்த்தால் குப்பி வீங்கியிருக்காது, வெடித்திருக்காது. புதுசு போலவே நிற்கும். 1990-களில் காரத்தை விழுங்கிவிடும் வேறு உப்புகள் வந்து இந்தப் பிரச்சினை தீர்ந்தது. புதிய கண்டன்சர்களில்தான். ஏற்கெனவே விற்றவை விற்றவைதான். அமிகா 600, அமிகா 1200, அந்தக் கால மேக்கின்டாஷ் எல்லாம் இன்று சேகரிப்பாளர்களின் மேசையில் இதே நோயோடு கிடக்கின்றன.

கண்டன்சர் வரலாறு என்று தேடினால் உங்களுக்குக் கிடைக்கப்போவது இந்தக் கதை இல்லை. சுமார் 1999-க்கும் 2007-க்கும் இடையே கணினி மதர்போர்டுகளில் கண்டன்சர்கள் வீங்கி வெடித்த கதைதான் கிடைக்கும். திருடப்பட்ட ஒரு சூத்திரம், அதில் விட்டுப்போன ஒரு சேர்மானம் என்று ஒரு துப்பறியும் நாவல் அதற்குள் இருக்கிறது. எனக்கு அந்த நாவல்மேல் முழு நம்பிக்கை இல்லை. அந்த ஆண்டுகளில் ஜப்பானியக் கம்பெனிகளின் கண்டன்சர்களும் வீங்கின. ஆனால் அது பிரபலமானதற்குக் காரணம் எளிது. நஷ்டம் பெரிய கம்பெனிகளின் கணக்கில் விழுந்தது. பழுதான கணினிகளுக்காக டெல் நிறுவனம் 2005-இல் 30 கோடி டாலர் ஒதுக்கியது. முந்தைய ஒழுகலுக்கு அப்படி ஒரு கணக்குப் புத்தகம் கிடையாது. அது வெளியே தெரிய பத்து, பதினைந்து வருடம் ஆனது. அதற்குள் வாரண்டி முடிந்து, முதல் உரிமையாளர் விற்று, இரண்டாமவரும் விற்று, செட் மூன்றாவது கைக்கு வந்திருக்கும். அந்த மூன்றாவது கை பல சமயம் எங்கள் மாவட்டத்துக் கடற்கரையில் இருந்தது.

ஒரு படகில் ஆன்டெனா 5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். பூமியின் வளைவால் விஎச்எஃப் அலை சுமார் 9 கிலோமீட்டரில் தொடுவானத்தை எட்டும். எதிரே அதே உயரத்தில் இன்னொரு ஆன்டெனா என்றால் மொத்தம் 18 கிலோமீட்டர். செட்டின் சக்தியைக் கூட்டினாலும் இதில் பெரிய மாற்றம் வராது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆழ்கடல் படகுகளோ கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வாரக்கணக்கில் தங்குபவை. ஆகவே செய்தி தாவித் தாவித்தான் போகும். ஒரு படகு கேட்டதை அடுத்த படகுக்குச் சொல்லும், அது அதற்கடுத்ததுக்கு. நெட்வொர்க் படித்த எனக்கு இது நன்றாகத் தெரிந்த அமைப்பு. இணையத்தில் ஒரு கணு போனால் மாற்றுவழி உண்டு. நடுக்கடலில் அந்தப் பக்கம் இருப்பது ஒரே படகு என்றால், அதன் செட்டோடு வழி முடிந்தது.

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே குமரிக்கு அருகில் ஒக்கி புயல். பல நாட்கள் முன்பே கிளம்பிப்போன படகுகளுக்குக் கரையின் எச்சரிக்கை எட்டும் வழியில்லை. எட்டியதெல்லாம் இப்படித் தாவிப் போனதுதான். அதற்குப் பிறகு செயற்கைக்கோள் பேச்சு வந்தது. 2019-இல் ஜெமினி என்ற கருவி வந்தது. நல்ல கருவி. ஆனால் ஒருவழி: எச்சரிக்கை வரும், பதில் போகாது. 'நாங்க இங்க இருக்கோம்' என்று சொல்ல அப்போது பெரும்பாலும் அதே பழைய வயர்லெஸ்தான்.

ஒழுகிய கண்டன்சரின் கொடுமை, அது செட்டை ஒரேயடியாகக் கொல்லாது. ஒலிப்பகுதியில் ஒழுகினால் குரல் வாரத்துக்கு வாரம் மெலியும். இன்ஜின் சத்தத்தில் அதை யார் கவனிப்பது? சிலசமயம் கேட்கும், ஆனால் பேசினால் எதிரே போகாது. சிவப்பு விளக்கு மட்டும் ஒழுங்காக எரியும்.

மார்த்தாண்டம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் இந்த செட்களைப் பார்ப்பார். லீவுக்கு ஊருக்கு வந்தால் அவர் மேசைக்கு எதிரே போய் உட்கார்வேன். சோல்டரிங் அயர்ன் கண்டன்சரின் காலைத் தொட்டதும் ஒரு நாற்றம் எழும்பும். அச்சு அசல் மீன் நாற்றம். படகில் இருந்த செட்தானே என்று நான் நினைத்தேன். “கடல் நாத்தம் இல்ல மக்ளே, கண்டன்சர் நாத்தம். கடலே பாக்காத செட்டும் இப்படித்தான் நாறும்” என்றார். பிறகு வேதியியலைப் புரட்டினேன். அந்த அம்மோனியம் உப்பு சூட்டில் உடைந்தால் வருவது அமீன். அழுகும் மீனின் நாற்றத்துக்குக் காரணமும் அதே குடும்பம்தான்.

அவர் கண்டன்சரை முறுக்கிப் பிடுங்க மாட்டார். அரித்த இடத்தில் செம்பு போர்டைவிட்டுக் கழன்றிருக்கும். முறுக்கினால் தடமும் கூடவே வந்துவிடும். இரண்டு கால்களையும் சேர்த்துச் சூடாக்கி மெல்லத் தூக்குவார். மங்கிய பழைய ஈயத்தின்மேல் புது ஈயம் ஓட்டி, இரண்டையும் சேர்த்து உறிஞ்சி எடுப்பார். காரத்தை அடக்கக் கொஞ்சம் வினிகர், பிறகு பேட்டரித் தண்ணீர், பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், டூத்பிரஷ். பச்சைப் பூச்சு கருத்த இடத்தைச் சுரண்டி, மீட்டர் வைத்து ஒவ்வொரு தடமாகப் பார்ப்பார். அறுந்த இடத்தில் முடி போன்ற எனாமல் கம்பி. போர்டின் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் துளைகள்தான் அவருக்குப் பகை. உள்ளே தின்றுவிட்டுப் போனது வெளியே தெரியாது.

புதிதாக அவர் வைப்பது திரவமே இல்லாத டான்டலம். அதில் ஒரு பொறி உண்டு. பழைய குப்பியில் கறுப்பு அடையாளம் எதிர்முனை. டான்டலத்தில் கோடு போட்டிருப்பது நேர்முனை. மாற்றி வைத்தால் புகையும். ஒன்றுதான் ஒழுகியிருக்கிறது என்றாலும் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார், எல்லாம் ஒரே வயசு என்பார். கொண்டுவந்தவர் காசை நினைத்து யோசிப்பார். பேரம் நடக்கும், பெரும்பாலும் ஒலிப்பகுதி மட்டும் என்று முடியும்.

மூடுவதற்குமுன் மூடியின் உட்புறம் மார்க்கரால் தேதியும் மாற்றிய பாகமும் எழுதுவார். போனமுறை பார்த்த செட்டில் அவருக்கு முன்பே ஒருவர் எழுதியிருந்தார், மலையாளத்தில். எங்கள் கரைப் படகுகள் பல கொச்சியில் தங்கித் தொழில் செய்பவை. அங்கே யாரோ திறந்து பார்த்திருக்க வேண்டும். “சவுண்டு கம்மின்னு எழுதியிருக்கான்” என்று வாசித்துவிட்டு, அதற்குக் கீழே தன் தேதியைப் போட்டார்.